பத்தொன்பதாம் எண் கண்ணாடி

மார்ச் 3, திங்கள்

கம்பெனி டைரி இன்றுதான் கைக்கு வந்தது. ஜனவரியில் ஆபீசர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு மிச்சம் கிடந்த ஒன்றை வைதேகி மேடம் கொண்டுவந்து, "எத்திராஜ், உங்க கதையெல்லாம் இனிமே இதுல எழுதுங்க. ஹாங்கர்ல மத்தவங்களுக்குக் கொஞ்சம் வேலை நடக்கும்" என்றார். மேடம் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. கிண்டலாகச் சொன்னாலும், என் சரித்திரம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது பாருங்கள்.

படிப்பு எட்டாவது. ஒன்பதில் கணக்கு வாத்தியார் பொறாமையால் பெயிலாக்கிவிட்டார். ஆனால் விமானம் பழுது பார்க்கும் ஹாங்கரில் கருவி அறை என் ராஜ்ஜியம். சுவர் முழுக்கப் பலகை. ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்திலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கும். கருவி வெளியே போனால் கறுப்பு மட்டும் தெரியும். எடுத்துப் போகிறவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். திரும்பக் கொண்டுவந்தால் நான் சரிபார்த்து வில்லையைக் கொடுப்பேன். ஒரு வில்லை ஆணியில் தொங்கினாலும் விமானம் வாசலைத் தாண்டாது. உள்ளே மறந்து வைத்த ஒரு கருவி, பறக்கும்போது உருண்டு போய் ஒரு கம்பியில் சிக்கினால் முடிந்தது.

நான் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் பறக்கும். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் என் பலகையைப் பார்த்துக் கண்கலங்கினார். (தூசி விழுந்தது என்பாள் கூட வேலை பார்க்கும் பிலோமினா. அவளுக்குப் பொறாமை.)

ஒரு கருவிகூடத் தொலையாமல் இன்றோடு நானூற்றுத் தொண்ணூற்றாறு நாள். வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். அன்று ஐந்நூறு. கணக்கு வாத்தியார் உயிரோடு இருந்தால் கூட்டிவந்து காட்டுவேன்.

மார்ச் 5, புதன்

ஜூலியட் வேலை முடிந்து வெளியே போனது. விமானத்தின் பதிவுப் பெயரில் கடைசி எழுத்து J; ரேடியோவில் J என்பதை ஜூலியட் என்பார்கள், அதை வைத்து அப்படிக் கூப்பிடுவோம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி, எழுபது சீட். நான் வளர்த்த பெண் மாதிரி.

பிலோமினா நாலு மணி நேரம் அதன் வாலுக்குள் படுத்துக்கொண்டு வேலை பார்த்தாள். கெட்டிக்காரி. லைசென்ஸ் வாங்கிய டெக்னீஷியன்; ஆனால் என்னிடம் மட்டும் வாய். மாலை ஷிப்ட் முடியும்போது அவள் மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. பையோடு ஓடிவந்து, "மாமா, பதினோரு அயிட்டம். சீக்கிரம் பாத்து வில்லையக் குடு" என்றாள். எண்ணினேன். பதினொன்றும் இருந்தன. வில்லைகளைக் கொடுத்தேன். "நான் இருக்கேன், நீ போம்மா" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

எண்ணித்தான் வாங்கினேன்.

வீட்டில் மிக்ஸி ஜாரின் பிளேடு சுற்றவில்லை. இரண்டு நிமிடத்தில் சரி செய்தேன். என் மனைவி அம்சவேணி இப்போது அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறாள். ருசிக்காகவாம்.

மார்ச் 6, வியாழன்

காலையில் பாரிஸ் கார்னர் போனேன். சொந்த வேலை. மதியம் டூட்டி. தேங்காய் வாங்கிவரச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

டெல்லி அதிகாரி வந்தார். ஆறடி. என் பலகை முன்னால் நின்றவர் அசையவே இல்லை. ஒரு கறுப்பு தெரிய வேண்டுமே! எல்லா ஆணியிலும் கருவி. பத்து நிமிடம், இல்லை, கால் மணி நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூன்று கருவியைத் தொட்டார். அதில் பொறித்த எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதாகத் தொட்டது 19. பல் டாக்டர் வாய்க்குள் விடுவாரே, அந்த மாதிரி நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி. கை போகாத இடத்தில் விட்டுப் பார்ப்பதற்கு.

"இது மட்டும் எப்படி இவ்வளவு புதுசா மின்னுது?" என்று கேட்டார். மேடம் தமிழில் சொன்னார்.

"தினமும் விபூதி போட்டுத் துடைப்பேன் சார். பத்து வருஷமா."

மேடம் அதை இங்கிலீஷில் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். நாட்டில் எல்லா ஹாங்கருக்கும் இதைச் சொல்வாராம். கைகொடுத்தார். என் கை வியர்த்திருந்தது. ஏசி சரியில்லை.

ஐந்நூறு நாள்.

மார்ச் 9, ஞாயிறு

பொழிச்சலூரில் வீடு. இருபது வருஷமாகத் தலைக்கு மேல் விமானம் இறங்குகிறது. சத்தம் காதில் விழுந்ததே இல்லை. இன்று ஒவ்வொன்றும் விழுகிறது. விசிறி வைத்த விமானம் வந்தால் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன்.

"இன்னாங்க, சொந்தக்காரங்க யாராச்சும் வர்றாங்களா அதுல?" என்றாள் அம்சவேணி. "ரசம் ஆறுது."

டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. புதன்கிழமை பிலோமினா போன பிறகு கருவிகளைப் பலகையில் மாட்டினேன். பத்துதான் இருந்தன. பத்தொன்பதாம் எண் ஆணியில் கறுப்பு. ஜூலியட் அதற்குள் வெளியே போய்விட்டது. என் கையெழுத்தோடு. பாரிஸ் கார்னரில் அதே மாதிரி கண்ணாடி வாங்கி வந்து, எண் பொறிக்கும் மெஷினில் 19 போட்டு மாட்டினேன்.

ஹாங்கரிலேயே எங்காவது விழுந்திருக்கும். ஜூலியட்டில் இருக்காது. தொண்ணூற்றொன்பது சதவீதம் இருக்காது.

மார்ச் 10, திங்கள்

குப்பைத் தொட்டிகள், பழைய துணி மூட்டை, ஏணிகளுக்கு அடியில், பெயிண்ட் ரூம், எல்லாம் பார்த்தேன். கேட்டவர்களிடம் மோதிரம் தொலைந்தது என்றேன். மூன்று பேர் சேர்ந்து தேடினார்கள். நல்ல பிள்ளைகள்.

பிலோமினாவிடம் சுற்றி வளைத்து, "அன்னிக்கு அந்தக் கண்ணாடி நல்லா வேலை செஞ்சுதாம்மா?" என்றேன்.

"எந்தக் கண்ணாடி?"

"பத்தொன்பது."

"ஏன் மாமா, உடஞ்சிருக்கா?"

"சேச்சே. மின்னுது. டெல்லியே பாராட்டிச்சு."

"உன் விபூதிக் கதை கேள்விப்பட்டேன்" என்று சிரித்தாள். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். அங்கேயே சொல்லியிருக்கலாம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

வழி கிடைத்துவிட்டது. கேன்டீன் பக்கத்தில் நீலப் பெட்டி ஒன்று தொங்குகிறது. "தவறைச் சொல்பவருக்குத் தண்டனை இல்லை. பெயர் வேண்டாம்" என்று மேடம் எழுதி மாட்டியது. இதுவரை அதில் சூயிங்கம் காகிதம்தான் விழுந்திருக்கிறது. நான் இடது கையால் எழுதிப் போட்டேன்:

"ஐயா/அம்மா, ஜூலியட்டின் வாலில் ஒரு பொருள் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கருவி அறையில் இருப்பவர் மிகவும் நேர்மையானவர், அவரைச் சந்தேகிக்க வேண்டாம். இப்படிக்கு, பறக்கும் மக்களின் நலம் விரும்பி."

மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. என் கடமை முடிந்தது. இனி கம்பெனி பார்த்துக்கொள்ளட்டும். இரவு நாலு தோசை சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பெட்டியை மாதக் கடைசியில்தான் திறப்பார்களாம்.

மார்ச் 15, சனி

ஜூலியட் ஒரு நாளைக்கு ஆறு தடவை பறக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஹாங்கரில் விழா. ஐந்நூறு நாளுக்கு. ஷாமியானா, கேசரி, மைக். மேலாளர் எனக்குச் சால்வை போர்த்தினார். "மாமா பேசுங்க, மாமா பேசுங்க" என்று கத்தினார்கள். மைக் கிடைத்தால் நான் விடுகிற ஆளா? அரை மணி நேரம் எதிர்பார்த்திருப்பார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா பக்கத்தில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பரிசாக ஒரு உறை. எனக்கும் அம்சவேணிக்கும் மதுரைக்கு விமான டிக்கெட். ஞாயிறு காலை பத்தே முக்கால்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். உறையை அவளே பிரித்துவிட்டாள். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு, வீடு வீடாகச் சொல்லத் தெருவில் இறங்கிவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

அரக்குக் கலர் பட்டுப்புடவையை வெயிலில் போட்டிருக்கிறாள். "ஏங்க, மேல போனா காது அடைக்குமாமே?" "ஜன்னல் பக்கம் நான் உக்காரலாமா? நீங்கதான் எத்தினியோ வாட்டி பாத்தாச்சே." இருபது வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன், பம்பாய் போனேன், கல்கத்தா போனேன் என்று. விமானம் என்னைப் பார்த்து வணக்கம் வைக்கும் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

கம்பெனியில் இந்த மாதிரி விமானம் ஏழு இருக்கின்றன. ஏழில் ஒன்று. மதுரைக்கு ஜூலியட்தான் வர வேண்டும் என்று இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதலில் ஒரு மாதிரி எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

பேருந்தில் விமானம் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். தூரத்திலேயே வால் பக்கம் எழுத்தைப் பார்த்தேன். ஜூலியட். அம்சவேணி என் கையைப் பிடித்துப் படியேறினாள். நான் பின்னாலேயே போனேன்.

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, "இந்த பெல்ட்ட எப்படிப் போடறது?" என்றாள். இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போடப் பார்த்தேன். எனக்குத் தெரியாது. நான் விமானத்துக்குள் உட்கார்ந்ததே முதல் தடவை. என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். சிரித்தாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், மடியில் நாலைந்து மாதக் குழந்தை. குழந்தையோடு எழுந்து எட்டி, "இப்படி உள்ள சொருகணும்ம்மா, டக்குனு சத்தம் வரும்" என்று அம்சவேணிக்கும் எனக்கும் மாட்டிவிட்டாள். குழந்தை என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது.

விசிறி சுற்ற ஆரம்பிக்கவில்லை. கதவு இன்னும் திறந்திருந்தது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன்.

நெஞ்சு வலிக்கவில்லை.

ஓடிவந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். அம்சவேணி பட்டுப்புடவையோடு பின்னால் ஓடிவந்தாள். மருத்துவ அறையில் டாக்டர், "பிரஷர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு பெரியவரே" என்று வெளியே போனார். ஜன்னல் வழியே ஜூலியட் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஒனக்கு நெஞ்சு வலி இல்ல" என்றாள் அம்சவேணி.

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னை 'நீ' என்றாள்.

"எதுக்கு எறக்குன என்னிய? அந்த பிளேன்ல இன்னா கீது?"

சொன்னேன். கண்ணாடி, பாரிஸ் கார்னர், விபூதி, எல்லாம். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும், "சரி, என்னிய எறக்கிட்ட. பெல்ட்டு மாட்டி வுட்டுச்சே அந்தப் பொண்ணு, அத ஏன்யா எறக்கல?" என்றாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். ஜூலியட் போய்விட்டிருந்தது.

"இன்னா மனுசன்யா நீ. போன எடு."

மேடத்துக்குப் போன் போட்டேன். ஹாங்கரில்தான் இருந்தார். "மேடம், ஜூலியட் வால்ல கண்ணாடி இருக்கு. இருக்கலாம்னு இல்ல. இருக்குன்னே வச்சுக்குங்க. பலகையில இருக்கறது டூப்ளிகேட்."

"எத்திராஜ், இது உங்க கதைல ஒண்ணா?" என்றார்.

"இல்ல மேடம்."

போனை வைத்துவிட்டார். நாங்கள் ஹாங்கருக்குப் போனபோது மேடம் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜூலியட் பாதி வழி தாண்டிவிட்டதாம். விமானிக்குச் சொல்லிவிட்டார்கள். திடீரென்று வாலை அசைக்காமல் மெதுவாக மதுரையிலேயே இறக்கச் சொன்னார்கள். அங்கே தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதைக்கு வந்து நின்றன. என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் என் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். புது 19 பளபளவென்று தொங்கியது. கழற்றி மேஜையில் வைத்தேன். கறுப்பு தெரிந்தது.

நாற்பது நிமிடம். அம்சவேணி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பன்னிரண்டு மணி எட்டு நிமிடத்துக்கு மேடம் வெளியே வந்தார். "இறங்கிடுச்சு."

மார்ச் 24, திங்கள்

மதுரையில் வாலைத் திறந்தார்கள். மேடம் போனில் போட்டோ காட்டினார். வாலை ஏற்றி இறக்குகிற கம்பி. அதற்கு இரண்டு விரல்கடை தள்ளி, ஒரு இடுக்கில் காம்பு செருகிக் கிடக்கிறது. கண்ணாடி இரண்டாக விரிசல் விட்டிருக்கிறது. காம்பில் 19. என் கையால் பொறித்தது.

"எப்படி நடந்துச்சு? எண்ணலையா நீங்க?"

எண்ணினேன் என்றுதான் வாய் ஆரம்பித்தது. நிறுத்தினேன். அன்று பிலோமினா ஓடிவந்தபோது கவுண்டரில் செக்யூரிட்டி ஆள் நின்றிருந்தான். புயல் வருஷத்தில் பறக்கப் பார்த்த விமானத்தை நான் ஒருவனே கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கயிறு அறுகிற கட்டம். பையை வாங்கிக் கீழே வைத்தேன். திறக்கவில்லை. பதினோரு வில்லையையும் வாரி அவள் கையில் போட்டேன். அந்தப் புயலன்று நான் வீட்டில் ஜுரத்தில் படுத்திருந்தேன். அதையும் மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்காமலே.

கருவி அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். கூப்பிட்டால் மட்டும் வர வேண்டும்.

மார்ச் 26, புதன்

பிலோமினா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை உள்ளே விட்டது அவள்தான் என்று அவள் லைசென்சை மூன்று மாதம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"பையில நீ பதினொண்ணும் போட்டிருந்த, நான்தான் தொலைச்சேன்னு எழுதிக் குடுத்துடறேம்மா."

"மறுபடி கதையா?"

"இல்லம்மா, உனக்காக..."

"விட்டது நான். அது என் தப்பு, நான் பாத்துக்கறேன். ஆனா அன்னிக்கு ஒரு போன் போட்டிருந்தா நான் பாப்பாவ எங்கம்மாகிட்ட விட்டுட்டு டார்ச் எடுத்துட்டு ஓடி வந்திருப்பேன். கால் மணி நேர வேலை. நாம ரெண்டு பேரும் மேடம்கிட்ட திட்டு வாங்கியிருப்போம். அவ்ளோதான்." கதவைப் பாதி சாத்தினாள். "நீ எண்ணுவன்னுதான மாமா நான் ஓடினேன்."

திரும்பி வரும்போது தேங்காய் வாங்கினேன். அம்சவேணி வாங்கி வைத்துக்கொண்டாள். மறுபடி 'நீங்க' என்றுதான் பேசுகிறாள். அந்த ஒரு நாள் 'நீ'யே தேவலை போலிருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

மேடம் கூப்பிட்டனுப்பினார். டெல்லிக்கு அனுப்ப என் வாக்குமூலம் வேண்டும். மேஜையில் நீலப் பெட்டி திறந்து கிடந்தது. மாதக் கடைசி. சூயிங்கம் காகிதம் இரண்டு, என் கடிதம் ஒன்று.

"பறக்கும் மக்களின் நலம் விரும்பி" என்று மேடம் படித்தார். "இது நீங்கதானே?"

"இடது கை மேடம்."

"பன்னெண்டாம் தேதி போட்டிருக்கீங்க. என் ரூமுக்கும் இந்தப் பெட்டிக்கும் இருபது அடி." சிரிக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு, "மாசத்துக்கு ஒரு தடவை திறக்கறது என் தப்பு. அதையும் நான் எழுதறேன்" என்றார். "தண்டனை இல்லைன்னு எழுதி மாட்டியிருந்தேனே எத்திராஜ். நம்பலையா?"

"நம்பினேன் மேடம். தண்டனைக்குப் பயப்படல. ஐந்நூறு நாள் போயிடுமேன்னு பயந்தேன்."

முதலில் எழுதியது மூன்று பக்கம் வந்தது. அதில் ஜெர்மனிக்காரர் வந்துவிட்டார். மேடம் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது ஒரு பக்கம். மூன்றாவது இதுதான். வாங்கிப் படித்தவர் கடைசி இரண்டு வரியைக் காட்டி, "இது டெல்லிக்குத் தேவையில்லையே" என்றார். இருக்கட்டும் என்றேன். கோடு போட்டு அடிக்காமல் விட்டுவிட்டார். ஒரு நகல் இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"மார்ச் 5 மாலை கருவிகளை எண்ணாமல் வாங்கினேன். எண்ணியதாகக் கையெழுத்துப் போட்டேன். ஒன்று குறைவது தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல் போலி ஒன்றை மாட்டினேன். அதன் பிறகு 23ஆம் தேதி மதுரையில் இறங்கும்வரை அந்த விமானம் நூற்று நான்கு முறை பறந்தது. முறைக்கு எழுபது பேர் என்றால் ஏழாயிரத்து இருநூற்று எண்பது பேர். அதில் இரண்டு பேரைக் கழித்துக்கொள்ளவும். நானும் என் மனைவியும் இறங்கிவிட்டோம்."